டியூக்கோட குடிச்ச கஞ்சி

வணக்கம் நேயர்களே. ஷேக்ஸ்பியரோட ஆல்ஸ் வெல் தட் எண்ட்ஸ் வெல் நாடகத்துல பெர்ட்ராம்னு ஒருத்தன், ஊருக்குக் கிளம்பற அவசரத்துல, டியூக்கோட கான்ஜி பண்ணியாச்சுன்னு சொல்வான். முதல்தடவை படிச்சப்போ எனக்கு ஒண்ணும் புரியல, டியூக்கோட உக்காந்து கஞ்சியா குடிச்சான்?

டிக்‌ஷனரியப் பாத்தா கான்ஜி, அதாவது சி ஓ என் ஜி டபுள் ஈ, ஒரே ஸ்பெல்லிங்ல ரெண்டு வார்த்தை, ஒண்ணுக்கொண்ணு சொந்தமே கிடையாது. பெர்ட்ராம் சொன்னது பிரெஞ்சு வழியா வந்தது, விடைபெறுறது, குனிஞ்சு கும்பிடு போடறதுன்னு அர்த்தம். டபுள் ஈக்குப் பதிலா ஒரே ஈ போட்டு மேல கோடு இழுத்து கோன்ஷேன்னும் எழுதுவாங்க, அப்போ வேலைய விட்டு அனுப்பறதுக்கும் அதே வார்த்தைதான், கட்டடக்கலையில தூண்ல வர்ற ஒரு குழிவான வளைவுக்கும் அதே பேரு, அது எப்படி அங்க போய் ஒட்டிக்கிச்சோ போங்க.

இன்னொண்ணு சாட்சாத் நம்ம கஞ்சி. 1563ல கோவாவுல இருந்த போர்ச்சுகீசிய டாக்டர் கார்சியா த ஓர்டா, மிளகு சீரகம் போட்ட அரிசித் தண்ணிய கான்ஜேன்னு எழுதி வெச்சிருக்கார், அவர் போட்டது ஜே. இங்கிலீஷ்காரங்க ஜேயும் போட்டாங்க ஜியும் போட்டாங்க, ஜி போட்டதுதான் வம்பா போச்சு, பிரெஞ்சு வார்த்தையோட கலந்துடுச்சு. அதனால ஜே இருந்தா அநேகமா குடிக்கிற கஞ்சி, ஜி இருந்தா முன்னாடி பின்னாடி வாக்கியத்தப் படிச்சுத்தான் ஆகணும்.

துணிக்குப் போடற கஞ்சிக்கும் அவங்க இதே வார்த்தையத்தான் வெச்சுக்கிட்டாங்க. ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது கான்ஜி ஹவுஸ். 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில இருக்கு, கஞ்சிக் கடை இல்லைங்க, பட்டாளத்துல தப்பு பண்ண சிப்பாய அடைச்சு வைக்கிற ரூம், உள்ள போனா கஞ்சிதான் சாப்பாடு, அதான் அந்தப் பேரு. நாம களி திங்கப் போயிருக்கான்னு சொல்றோமே, அதே கதைதான்!

அந்த பிரெஞ்சு கான்ஜியோட மூலம் லத்தீன்ல கோமெயாத்துஸ், அதுக்கு உள்ள இருக்கற வினைச்சொல்லுக்கு போறது வர்றதுன்னு அர்த்தமாம். அப்போ பெர்ட்ராம் டியூக்கிட்ட சொன்னதும் போயிட்டு வரேன்தானே.

சரி, நானும் போயிட்டு வரேன்.