புல்வெளிக்கு எத்தனை வயது?

(மூணாறில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். ராஜமலைக்கு வரையாடு பார்க்கப் போகிறவர்கள் தவறாமல் கேட்பது, "மேலே ஏன் மரமே இல்லை?" தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரைக் கேட்டாலும் பதில் தயார்: "வெள்ளைக்காரன் வெட்டிட்டான்." தேயிலைக்காக அவர்கள் காட்டை அழித்தது உண்மைதான். ஆனால் உச்சிப் புல்வெளியையும் அவர்கள் கணக்கில் எழுதுவது சரியில்லை.

சோலைக்கும், அதாவது மலை மடிப்புகளில் அடர்ந்திருக்கும் குட்டை மரக்காட்டுக்கும், புல்மேட்டுக்கும் நடுவே, பள்ளத்தில் நீர் கட்டி நிற்கும் சதுப்பைப் பார்த்திருப்பீர்கள். கால் வைத்தால் பொதுக்கென்று இறங்கும். அங்கே செத்த புல்லும் பாசியும் காற்றுப் படாமல், முழுதாக மட்காமல் கறுப்பு அடுக்குகளாகப் படிகின்றன. இதுதான் பீட். மலையில் பறக்கிற மகரந்தமும் அதில் விழுந்து புதைகிறது. ஆய்வகத்தில் கந்தக அமிலக் கலவையில் போட்டுச் சூடாக்கினாலும் பெரும்பாலான மகரந்தத்தின் மேலோடு அசையாது. அதை நுண்ணோக்கியில் வைத்து, இது புல், இது நாவல் இனம் என்று அடுக்கடுக்காக, ஒவ்வொன்றாக எண்ணினால், எந்தக் காலத்தில் எது வளர்ந்தது என்று தெரியும். கண் வலிக்கிற வேலை.

ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி வேண்டுமே? பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பெரிய மகரந்தத் தொகுப்பே இருக்கிறது. அங்கே அந்தத் துறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கணபதி தணிகைமணி. 1986இல் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் கொல்லப்பட்டார். நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரியாது.

மகரந்தத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடலாம். சோலையில் லவங்கப்பட்டைக் குடும்பத்து மரங்கள் ஏராளம். அவற்றின் மகரந்தத்துக்கு ஓடு மிக மெல்லியது, அநேகமாகத் தடயமே மிஞ்சாது. புல்லோ காற்றில் அள்ளிக் கொட்டும். ஆக, எண்ணிக்கையில் புல் கூடுதலாகத் தெரிந்தால் உடனே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

அதனால் பீட்டின் கார்பனையும் பார்த்தார்கள். மரமும் வெப்பப் பகுதிப் புல்லும் கார்பனை எடுக்கும் விதம் வேறு. எடை கூடிய கார்பன் அந்தப் புல்லில் சற்று அதிகம். 1993இல் சூழலியலாளர் ராமன் சுகுமார் குழுவினர் நீலகிரி பீட்டை இப்படி ஆராய்ந்து 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார்கள். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், மழை குறைந்து புல் ஓங்கியிருந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்ததும் மரமும் ஈரம் விரும்பும் செடிகளும் முன்னேறின. அப்புறம் மறுபடி வறட்சி, மறுபடி புல். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா சதுப்பின் அடியடுக்குகள் இன்னும் பழையவை, 30,000 ஆண்டுகளையும் தாண்டுகின்றன.

"வெள்ளைக்காரன் இல்லேன்னா மாடு மேய்ச்சவங்க எரிச்சிருப்பாங்க" என்பீர்கள். தென்னிந்தியாவில் மாடு வளர்ப்பே சுமார் 5,000 ஆண்டுப் பழக்கம்தான். பின்னாளில் தீ புல்லுக்கு உதவியிருக்கலாம். புல்லைக் கொண்டுவந்தது அதுவல்ல.

இது நீலகிரிக் கதைதான். ஆனால் அதே உயரம், அதே சோலை, அதே பருவமழை நமக்கும். இந்தப் புல்மேடுகளை 'வெறும் நிலம்' என்று நினைத்துத்தானே வாட்டில் என்ற வேல மர இனத்தையும் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸையும் நட்டார்கள்? மூணாறுக்குப் பக்கத்து வட்டவடைக்காரர்களிடம் அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீலகிரியில் சதுப்புகள் பலவற்றை வடித்துக் காய்கறி போட்டுவிட்டார்கள். தண்ணீர் வடிந்தால் காற்று புகும், பீட் மட்கும், உள்ளே இருக்கும் மகரந்தமும் சிதையும். நம் பக்கம் யாராவது சதுப்பில் வாய்க்கால் வெட்டப் போவதாகத் தெரிந்தால், மண்வெட்டி விழுவதற்கு முன் பஞ்சாயத்திலோ, பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையிலோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.