புகை பிடித்த செங்கல் சுவரா? தண்ணீர்க் குழாயைக் கீழே வையுங்கள்!

[காட்சி: கறுத்த செங்கல் சுவர், மிக அருகில்]

கறுத்துப்போன செங்கல் சுவரைப் பார்த்ததும் கை முதலில் தேடுவது தண்ணீர்க் குழாயைத்தான். அதைக் கீழே வையுங்கள். இந்தக் கறைக்கு முதல் மருந்து ரப்பர். ஆமாம், மரத்தைச் சீவிப் பாலெடுக்கிறோமே, அதே ரப்பர்!

நான் நிற்பது குலசேகரம் பக்கம், என் மாமி வீட்டுப் பின்முற்றத்தில். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிக் காட்டிய பாணியில், மேல்பூச்சு இல்லாமல் எழுப்பிய செங்கல் வீடு. பின்சுவருக்கு எட்டடி தள்ளிப் புகைப்புரை. ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் நாள்கணக்கில் உலர்த்துவார்கள். விறகுப் புகையிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் ஷீட்டில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும். ஷீட்டைக் காத்த புகைதான் சுவரைக் கெடுத்திருக்கிறது.

இதோ, நகத்தால் கீறுகிறேன். விரலில் மாவுபோல வருவது கரி. அதற்கு அடியில் தேன் நிறத்தில் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருப்பது தார். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஒரு செங்கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால், சாதாரண ரகம் தன் எடையில் 20 சதவீதம் வரை குடிக்கலாம் என்கிறது இந்தியத் தர அளவு. இவ்வளவு தாகமுள்ள சுவரில் கரியோடு தண்ணீரை அடித்தால் என்ன ஆகும்? மேலே இருந்த கரி உள்ளே போய்க் குடியேறிவிடும். உயர் அழுத்தக் குழாய் இன்னும் மோசம். சூளையில் வெந்து இறுகிய மேல்தோலையே பிய்த்துவிடும்.

இப்போது என் செல்லப் பொருளைக் காட்டுகிறேன்.

[காட்சி: உள்ளங்கையில் மஞ்சள் பஞ்சுக் கட்டி]

இதுதான் சூட் ஸ்பாஞ்ச், அதாவது கரி துடைக்கும் பஞ்சு. வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்திய இயற்கை ரப்பர். இதை நனைக்கவே கூடாது. பள்ளிக்கூட அழிப்பான்போல இருக்கிறதல்லவா? வேலையும் அப்படித்தான், ஆனால் முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது. மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு, எடுத்துவிட்டு அடுத்த இழுப்பு. பாருங்கள், ஒரே இழுப்பில் செங்கல்லின் சிவப்பு தெரிகிறது! பஞ்சின் முகம் கறுத்ததும் கத்தியால் ஒரு சீவல் சீவினால் புது முகம் வந்துவிடும். தீப்பிடித்த வீடுகளிலும், அருங்காட்சியகங்களில் பழைய நூல்களைத் துடைக்கவும் இதே பஞ்சுதான். ரப்பர் காயவைத்த புகையை ரப்பரே துடைத்தெடுக்கிறது! இதைப் படம்பிடிக்கவே களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறி வந்தேன். முகக்கவசம் மட்டும் மறக்காதீர்கள். கரித்தூள் நெஞ்சுக்கு ஆகாது.

கரி போன பிறகுதான் தண்ணீர். முதலில் வெறும் தண்ணீரால் சுவரின் தாகத்தைத் தீர்த்துவிடுங்கள், சோப்பு நீர் உள்ளே இறங்காது. பிறகு சோப்பு நீரும் நைலான் பிரஷும், கீழிருந்து மேலாகத் தேயுங்கள். அழுக்கு நீர் உலர்ந்த செங்கல்லில் வழிந்தால் கோடு விழும். அலசுவது மேலிருந்து. கம்பிப் பிரஷ் வேண்டாம், உடைந்த துகள் துருப்பிடிக்கும்.

மிஞ்சும் தாருக்குப் பற்றுதான். வீக்கத்துக்குப் பற்றுப் போடுவோமே, அதேபோல. சீனக்களிமண்ணை டர்பன்டைனில் குழைத்து, விரல் பருமனில் பாதி கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒருநாள் மூடிவையுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டால், கரைந்த தாரைக் களிமண் உறிஞ்சிக்கொள்ளும். மரக்கரண்டியால் சுரண்டிவிட்டுச் சோப்பு நீரால் கழுவுங்கள். டர்பன்டைன் தீப்பற்றும். புகைப்புரை அணைந்திருக்கும் நாளில் மட்டுமே இந்த வேலை. கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

“இவ்வளவு பாடு எதற்கு மக்களே, ஆசிட் ஊற்றினால் போகாதா?” என்று மாமி கேட்டார். போகாது மாமி. கரி ஆசிட்டில் கரையாது. ஊற்றியதும் பொங்கி நுரைப்பதைக் கண்டு கறை போகிறது என்று நினைத்துவிடுகிறோம்; நுரைப்பது சாந்திலுள்ள சுண்ணாம்பு. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து. உங்கள் ஊர்க் கொத்தனார் ஆசிட் வாளியோடு வந்தால் இந்த வீடியோவைக் காட்டுங்கள்.

[காட்சி: பாதி சிவந்த, பாதி கறுத்த சுவர்]

புகைப்புரையின் குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தச் சனிக்கிழமை ஆள் வருகிறார். அதற்குள் ஜன்னலுக்குக் கீழே உள்ள இந்த மூலைக்கு நான் இன்னொரு பற்றுப் போட்டாக வேண்டும்.