காதோரம் பேச முடியாத கரை

நேயர்களுக்கு வணக்கம். புதுமுகங்கள் நடித்த கடலோரக் காதல் படங்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எனக்கும் சினிமாவுக்கும் பெரிய உறவு ஒன்றும் இல்லை. பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். நடுவில் ஒரு கோடை விடுமுறையில் பதினெட்டு நாள், படம் எடுக்க வந்தவர்களுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பதினெட்டு நாளைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். மற்றதெல்லாம் அதற்குச் சாக்கு.

சரி, முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1981-இல் பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தார். குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரை, இளையராஜா இசை. கார்த்திக், ராதா இரண்டு பேருக்கும் அதுதான் முதல் படம். 2013-இல் மணிரத்னத்தின் 'கடல்' வந்தது. அதில் அறிமுகமானவர்கள் கார்த்திக்கின் மகன் கௌதமும் ராதாவின் மகள் துளசியும். முப்பத்திரண்டு வருஷம் கழித்து மறுபடியும் கடல், மறுபடியும் புதுசு. இதை நான் யாரிடம் சொன்னாலும், "அப்ப ரெண்டும் அண்ணன் தங்கச்சியா?" என்று கேட்கிறார்கள். இல்லை ஐயா, கார்த்திக்கும் ராதாவும் திரையில்தான் ஜோடி. ஒவ்வொரு தடவையும் இதை விளக்கியே எனக்குப் பாதி நேரம் போய்விடுகிறது, இன்றைக்கும் போய்விட்டது.

மீனவன் வேஷத்துக்குப் புதுமுகம் எதற்கு? தெரிந்த நடிகர் வள்ளத்தைத் தள்ளினால் நமக்கு வள்ளம் தெரியாது, அவர்தான் தெரிவார். புதுப் பையன் தள்ளினால் ஒரு நிமிஷமாவது நம்புவோம். ஆனால் அந்த நம்பிக்கை அவன் வாயைத் திறக்கும் வரைக்கும்தான். நான் சொல்ல வந்தது இந்தக் குரல் சமாச்சாரம். வானொலியில் உட்கார்ந்துகொண்டு வேறு எதைப் பேச?

நான் வசனம் சொல்லிக்கொடுத்த படத்தில் பையன் கோயம்புத்தூர்ப் பக்கம். பெண்ணுக்குத் தமிழே வராது, வசனத்தைத் தன் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கும். கதைப்படி ஒரு சாயங்காலம், கரையில் நின்று அவன் அவள் காதோரம் தன் மனசைச் சொல்ல வேண்டும். அவர்கள் வந்த நேரம் மே கடைசி. தென்கடலில் காற்று எழும்பிவிட்டது. எங்கள் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, அதைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். வாடைக் காலத்தில் வடகடல் ஆடும், தென்கடல் படுத்திருக்கும். கோடையில் அப்படியே தலைகீழ். சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் சொன்னேன். அலை அழகாக விழுவது இங்கேதான் என்று சொல்லிவிட்டார்கள்.

பையன் காதோரம் பேசினான். பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணுக்கே கேட்கவில்லை. இன்னும் நெருங்கிப் பேசினான். வாய்க்குள் மணல் போனதுதான் மிச்சம். இப்படியே மூன்று நாள். மீன் கூடையோடு ஏலத்துக்குக் காத்திருந்த ஒரு பெரியம்மா பொறுக்க மாட்டாமல் டைரக்டரிடம் சொன்னார்: "தம்பி, இங்க எவன் காதுல போய்ப் பேசுறான்? காத்து தூக்கிட்டுப் போயிரும். கத்திக் கூப்புடுவான். இல்லன்னா பேசவே மாட்டான், கறிமீனக் குடுத்துட்டுப் போயிருவான்."

கறிமீன் என்றால் நம் கரை ஆட்களுக்கு விளக்க வேண்டாம், கடலோரம் இல்லாத ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். பாடு, அதாவது பிடித்த மீன், கரைக்கு வந்ததும் ஏலத்துக்குப் போகும். அதற்கு முன்னால் கடலுக்குப் போனவன் ஒவ்வொருவனும் வீட்டுக் குழம்புக்கு ஒரு கை மீன் எடுத்துக்கொள்வான். அதை ஒருத்தி கூடையில் போட்டுவிட்டு ஒருவன் நடக்கிறான் என்றால், இன்றைக்கு அவன் வீட்டில் குழம்பு இல்லை, அவன் ஆத்தாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்கு மேல் என்ன வசனம்?

டைரக்டர் நல்ல மனுஷன், சட்டென்று பிடித்துக்கொண்டார். பையன் இரண்டு விளமீனைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவான். அவள் பின்னாலிருந்து "ஏய்!" என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான், ஒரே சொல்.

அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு மூன்று நாள் ஆனது. சிரிக்காதீர்கள். ஆட்டை விரட்டுகிற ஏய் வேறு, தம்பியை அதட்டுகிற ஏய் வேறு. இது, 'எடுத்துட்டுப் போ' என்றும் 'போகாதே' என்றும் ஒரே மூச்சில் சொல்கிற ஏய். அதுவும் இன்ஜின் சத்தத்தைத் தாண்டிப் போக வேண்டும். அந்தப் பெண் காலையில் எழுந்ததும் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போய் நிற்கும். பொம்பளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நாலாம் நாள் ஒத்திகையில் ஒரு ஏய் சொன்னது பாருங்கள், முப்பது அடி தள்ளி வள்ளத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒருவன் தூரிகையோடு திரும்பி, "என்னக்கா?" என்றான். அதற்கு மேல் நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

படம் வந்தது. ராமநாதபுரம் தியேட்டருக்கு ஊரோடு போனோம். காட்சி வந்தது, விளமீன் விழுந்தது, அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு யாரோ ஒருத்தியின் குரல். ஏசி அறையில் மைக் முன்னால் நின்று, பக்கத்து நாற்காலியில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு "ஏய்...". எங்கள் வரிசையில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காற்றுச் சத்தத்தில் எடுத்த ஒலி உதவாது, பிறகு பேசிச் சேர்ப்பார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அந்தப் பெண்ணையே கூப்பிட்டுப் பேச வைத்திருக்கலாமே. புதுமுகம் வேண்டும், புதுக்குரல் வேண்டாமா?

இன்னொரு வருத்தம். இங்கே வருகிற எல்லோருக்கும் தனுஷ்கோடித் தேவாலயச் சுவர் வேண்டும், அதன் முன்னால் ஒரு பாட்டு வேண்டும். 1964 டிசம்பர் 22 ராத்திரி ரயிலோடு ஜனங்களைக் கடல் கொண்டுபோன இடம் அது. ஆடட்டும், நான் தடுக்கவில்லை. அந்த இடத்தில் துப்பட்டா பறப்பதை மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கடைசியாகச் சொல்ல ஒரு முழுக் கதையே வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். எங்கள் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று ஒரு ஏற்பாடு உண்டு. பையன் நாட்டுப்படகு, பெண் விசைப்படகு வீடு. வலையை அறுத்த சண்டை இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடக்கிறது. அவன் கரையில் இருக்கிற நாளில் அவள் அண்ணன் கடலில் இருப்பான். கடலே பார்த்து அவர்களுக்குக் கொடுத்த மூன்று நாள். ஆனால் ஏப்ரல் 15 பிறந்தால் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு 61 நாள் அசையாது. அண்ணன் கரையிலேயே உட்கார்ந்திருப்பான், பின்னிக்கொண்டிருக்கிற வலையிலிருந்து தலையைத் தூக்கினால் தெரு முழுக்கத் தெரியும். அன்றைக்குப் பார்த்து இவன் இரண்டு விளமீனோடு அந்தத் தெருவுக்குள்... சரி, சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.