மக்கனுடோ கஃபே: மைல்டான சிகாருக்கு இந்த விலை தகுமா?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்குக் கையில் இருப்பது மக்கனுடோ கஃபே, ஹைட் பார்க் சைஸ். ஐந்தரை அங்குல நீளம், 49 ரிங். ஓர் அங்குலத்தை 64 பாகமாகப் பிரித்துச் சொல்லும் கணக்கு இந்த ரிங். அப்படிப் பார்த்தால் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே தடிமன். முன்பு ஜமைக்காவில் சுற்றினார்கள், இப்போது டொமினிகன் குடியரசில் தயாராகிறது.

கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், ராப்பரை, அதாவது வெளியே சுற்றியிருக்கும் இலையைப் பாருங்கள். இதுதான் கனெக்டிகட் ஷேடு. வயலுக்கு மேலே துணிப் பந்தல் போட்டு, வெயிலை மட்டுப்படுத்தி வளர்க்கிற இலை. அதனால்தான் இவ்வளவு மெல்லிசு. நரம்புகூடத் தடிப்பாகத் தெரியவில்லை. பால் தாராளமாக விட்ட டீயின் நிறம். விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போகிறேன். அடியிலிருந்து தலைவரை ஒரே இறுக்கம், எங்கேயும் பள்ளமோ முடிச்சோ இல்லை.

சரி, தலையை மெல்லிசாக வெட்டியாச்சு. கொளுத்துவதற்கு முன் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். காற்று தடையில்லாமல் வருகிறது, காய்ந்த வைக்கோல் வாசம்.

பற்றவைத்ததும் முதலில் வருவது தேவதாரு மர வாசனை, கூடவே வெண்ணெய் மாதிரி ஒரு வழவழப்பு. பாதிக்கு வரும்போது வறுத்த முந்திரி எட்டிப்பார்க்கிறது. கடைசிப் பகுதியில் நாக்கு நுனியில் கொஞ்சம் மிளகு, அவ்வளவுதான். திண்டுக்கல் சுருட்டின் காரம் பழகியவர்களுக்கு இது சப்பென்று இருக்கும்.

மைல்டான சிகாரில் நான் முதலில் பார்ப்பது கட்டுமானத்தைத்தான். காரம் தூக்கலாக இருந்தால் சின்னக் குறையெல்லாம் அதில் அடிபட்டுப்போகும். இதில் குறை ஒளிய இடமே கிடையாது. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால்கூட ருசியில் உடனே தெரிந்துவிடும். இங்கே நெருப்பு வளையம் நேராக இறங்குகிறது, சாம்பலும் ஓர் அங்குலம் உதிராமல் நிற்கிறது. உள்ளே தூளாக்காத, நீள இலை வைத்துச் சுற்றியிருப்பதன் பலன் அது. அப்புறம், அவசரம் மட்டும் வேண்டாம். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். வேகமாக இழுத்தால் சூடேறிக் கசந்துவிடும், பிறகு சிகாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். மைல்ட் என்பது ருசிக்கு மட்டும்தான். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்றுநோய் அபாயம் உண்டு. புகைக்காதவர்கள் இதை வைத்துத் தொடங்கவே வேண்டாம்.

விலை? அமெரிக்காவில் இது நடுத்தர விலைச் சரக்கு, அங்கே கொடுக்கிற காசுக்குத் தாராளமாகத் தகும். இந்தியாவில் இறக்குமதி வரியெல்லாம் ஏறி வரும் விலைக்குப் பெட்டியாக வாங்கச் சொல்ல மாட்டேன். ஒற்றையாக வாங்குங்கள், அதுவும் சிகாரை ஈரப்பதம் குறையாமல் வைக்கும் பெட்டியான ஹியூமிடார் வைத்திருக்கும் கடையில். இவ்வளவு மெல்லிய ராப்பர் ஏசி அறையில் திறந்து கிடந்தால் காய்ந்துபோய், வெட்டும்போதே கீறிக்கொள்ளும்.