பழைய பேசும்படத்தை வாங்குமுன்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். 1927 முதல் 1930களின் நடுப்பகுதி வரை வெளிவந்து, அண்மைக் காலத்தில் மறுசீரமைக்கப்பட்ட பேசும்படங்களை டிவிடியாகவும் புளூரேயாகவும் வாங்கிச் சேர்ப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இந்தச் சேகரிப்பில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் உறைமேல் உள்ள, படத்தின் துல்லியத்தைக் குறிக்கும் ‘4கே’ என்ற எழுத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அக்காலத்துப் படத்தை முதலில் சோதிக்க வேண்டியது காதால்தான் என்பது என் கருத்து.

அதற்கான காரணம் அந்தப் படங்கள் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. 1927 அக்டோபரில் நியூயார்க்கில் வெளியான வார்னர் நிறுவனத்தின் ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்துக்கு ஒலி ஃபிலிமில் இல்லை. ‘வைட்டாஃபோன்’ என்ற முறைப்படி 16 அங்குல இசைத்தட்டுகளில் இருந்தது. ஒரு ரீலுக்கு ஒரு தட்டு. அது நிமிடத்துக்கு 33⅓ சுற்றாக ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். சுமார் 20 முறை ஓட்டியதும் தட்டு தேய்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் குறியிடுவதற்கு அதன் ஒட்டுச்சீட்டிலேயே கட்டங்கள் அச்சிட்டிருந்தார்கள். காலப்போக்கில் ஃபிலிம் ஓரிடத்திலும் தட்டு வேறிடத்திலுமாகப் பிரிந்துபோக, பேசப் பிறந்த படங்கள் பல காப்பகங்களில் ஊமையாகக் கிடந்தன. 1991-இல் அமெரிக்க இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சிலர் ‘வைட்டாஃபோன் திட்டம்’ என்ற பெயரில் ஒன்றுகூடி, தனியாரிடம் இருந்த தட்டுகளைத் தேடிக் கண்டறிந்து, காப்பகங்களில் இருந்த ஃபிலிமோடு அவற்றைச் சேர வைத்தார்கள். அப்படி மீண்டும் குரல் பெற்ற குறும்படங்களின் தொகுப்புகள் டிவிடியில் வந்துள்ளன. முழுநீளப் படங்களுக்கு முன் அவற்றை வாங்கச் சொல்வேன். மேடைக் கலைஞர்கள் ஒலிவாங்கிக்கு அஞ்சி அஞ்சி நின்று பாடுவதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

ஒலியை ஃபிலிமிலேயே பதிக்கும் முறை பரவியபோது, ஒலித்தடம் ஓர் ஓரத்தை எடுத்துக்கொண்டதால் படச்சட்டம் ஏறத்தாழச் சதுரமாயிற்று. அதன் அகலம் உயரத்தைப் போல் 1.19 மடங்கே. 1932-இல் ஹாலிவுட் 1.37 என்ற அளவுக்கு மாறியது. அதற்கு முந்திய படங்களைத் தொலைக்காட்சித் திரையின் அகலத்துக்காக மேலும் கீழும் வெட்டி வெளியிட்ட டிவிடிகளில், நடிகர்களின் நெற்றி காணாமல் போயிருக்கும்.

ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் ஜெர்மனியில் எடுத்த ‘எம்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குழந்தைகளைக் கொல்பவனை அவன் சீழ்க்கையடிக்கும் மெட்டைக் கொண்டு அடையாளம் காண்பவர், பார்வையற்ற ஒரு பலூன் வியாபாரி. (அந்தச் சீழ்க்கை நடிகருடையதன்று, லாங்கே அடித்தது.) படத்தின் பல இடங்களில் லாங் ஓசையே இல்லாமல் விட்டிருந்தார். பிற்கால வெளியீடு ஒன்றில் அந்த மௌனத்தைக் குறை என்று கருதிக் கூடுதல் ஓசைகளைச் சேர்த்தார்கள். மறுசீரமைத்தவர்கள் அவற்றை நீக்கி, 1.19 சட்டத்தையும் மீட்டார்கள். இன்று கிடைப்பது சுமார் 110 நிமிடம். முதலில் வெளியானது 117 நிமிடம்.

பழைய ஒலித்தடத்தில் ஒரு சீறல் எப்போதும் இருக்கும். அதைக் கணினியால் முற்றிலும் துடைத்துவிட்டால், ‘ச’, ‘ஷ’ போன்ற ஒலிகளும் கூடவே போய், பேசுபவர் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கும். சற்றே சீறல் மிஞ்சிய டிவிடியையே நான் விரும்புகிறேன்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்குப் பிரான்சிலிருந்து வரும் உறவினர் மூலம் டிவிடியோ புளூரேயோ வாங்கும் வசதி உண்டு என்பதால், வேறொன்றையும் சொல்ல வேண்டும். அங்கத்திய டிவிடி நொடிக்கு 24 சட்டங்களுக்குப் பதில் 25 சட்டங்களாக ஓடுவது. எனவே 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், சுருதியும் பெரும்பாலும் அரைக்கட்டைக்குச் சற்றே குறைவாக ஏறியிருக்கும். பாட்டும் பேச்சும் கலந்து வரும் ரெனே கிளேரின் ‘ல மில்லியோன்’ போன்ற 1931-ஆம் ஆண்டுப் படத்தில், கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உறுத்தாமல் இருக்காது. புளூரேயாக இருந்தால் இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை. ஆனால் பிரான்சின் புளூரே ‘பி’ மண்டலத்தையும் இந்தியா ‘சி’ மண்டலத்தையும் சேர்ந்தவை; ஒரு மண்டலத்துக்கான புளூரே மற்றொரு மண்டலத்தின் கருவியில் ஓடாமல் போகலாம். ஆகவே எல்லா மண்டலங்களையும் ஏற்கும் கருவி தேவைப்படலாம். அங்கிருந்து ஒன்றே ஒன்று வரவழைப்பதானால், ழான் விகோ 1934-இல் எடுத்த ‘லாதலாந்த்’ படத்தைக் கேளுங்கள். விநியோகித்தவர்கள் அதை வெட்டி, அப்போது பிரபலமாயிருந்த ஒரு பாட்டை நடுவே நுழைத்து, பாட்டின் பெயரையே படத்துக்கும் சூட்டினார்கள்; விகோ அவ்வாண்டே 29 வயதில் இறந்தார். 1990-இலும் 2017-இலும் மறுசீரமைக்கப்பட்டதால் இரண்டும் சந்தையில் உண்டு, பின்னதை வாங்குங்கள்.

நம் பக்கம் நிலைமை வேறு. 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியான, தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் ஒரு பிரதிகூட எஞ்சவில்லை. அந்தப் பத்தாண்டுத் தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு எஞ்சியிருப்பவை பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டும்தான். அமெரிக்கர்கள் செய்தது போல் நம் தட்டுகளைப் படத்தோடு பொருத்தவும் இயலாது. ஏனெனில் அக்காலத்துத் தமிழ்த் தட்டுகள் பெரும்பாலும் படப்பிடிப்பில் பதிவான ஒலி அல்ல, மூன்று நிமிட அளவுக்குச் சுருக்கித் தனியாகப் பாடிப் பதிந்தவை. படமே கிடைத்தாக வேண்டும். கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் டூரிங் டாக்கீஸ் நடத்திய குடும்பங்களின் பரணில் பழைய ஃபிலிம் பெட்டி ஏதும் இருந்தால், அதை ஓட்டிப் பார்க்க முயல வேண்டாம். 1950களின் தொடக்கம் வரையிலான ஃபிலிம் நைட்ரேட்டாக இருக்கக்கூடும், அது தீப்பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். வெயிலும் அடுப்பும் அண்டாத இடத்தில் பெட்டியைத் தனியே வைத்துவிட்டு, அதன்மேல் எழுதியிருப்பதைக் குறித்துக்கொண்டு, புனேயில் 1964-இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.