மேரிலாந்து போட்ட வரி

நேயர்களுக்கு வணக்கம்.

பத்திரம் பதியப் போனால் முதலில் முத்திரைத்தாள் வாங்க வேண்டும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். வங்கி வெளியிடும் பண நோட்டுக்கும் முத்திரைத்தாள் கேட்டால்? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1818-இல் அப்படித்தான் சட்டம் போட்டது. அங்கே அக்காலத்தில் ஒவ்வொரு வங்கியும் தன் நோட்டைத் தானே அச்சிட்டது. மேரிலாந்தின் அனுமதியின்றி நடக்கும் வங்கி, 5 டாலர் நோட்டுக்கு 10 சென்ட் முத்திரை வரி கட்ட வேண்டும். அல்லது ஆண்டுக்கு 15,000 டாலர் மொத்தமாகச் செலுத்த வேண்டும். குறி வைத்தது, நாடாளுமன்றம் 1816-இல் தொடங்கிய தேசிய வங்கியின் பால்டிமோர் கிளைக்கு.

கிளையின் காசாளர் ஜேம்ஸ் மெக்கல்லக் வரி கட்டாமலே நோட்டு வெளியிட்டார். வழக்கு வந்தது. மாநில நீதிமன்றங்களில் மேரிலாந்து வென்றது. 1819 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த வரியைச் செல்லாததாக்கியது.

வரி விதிக்கும் அதிகாரத்துக்குள் அழிக்கும் அதிகாரமும் அடங்கியிருக்கிறது என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதியதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதோடு நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம். தீர்ப்பின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு சட்டமன்றம் தன் மக்கள்மீது அளவு மீறி வரி போட்டால், அந்த மக்களே தேர்தலில் அதைத் தட்டிக்கேட்பார்கள். அந்த அச்சம்தான் வரிக்குக் கடிவாளம். தேசிய வங்கியோ நாடு முழுவதற்குமான கருவி. அதன் பங்குகளில் ஐந்தில் நான்கு தனியாரிடம் இருந்தது உண்மைதான். ஆனாலும் நாட்டின் வரிப்பணத்தைக் காத்ததும் ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்த்ததும் அந்த வங்கியே. அதன்மீது மேரிலாந்து சுமத்தும் பாரம் வர்ஜீனியாக்காரர்மீதும் விழும். அவருக்கு மேரிலாந்தில் வாக்கு உண்டா? இல்லை. காதால் மட்டும் கேட்கிறீர்கள், ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: வரியைச் சுமப்பவருக்கு, வரி போடுபவரைக் கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும். மாநிலங்களின் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள்; ஆகவே முழு நாடு மாநிலத்தின்மீது வரி போடுவது வேறு, மாநிலம் முழு நாட்டின்மீது போடுவது வேறு என்றார் மார்ஷல்.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நம் அரசமைப்புச் சட்டத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநிலமோ நகராட்சியோ வரி விதிப்பதை 285-ஆவது பிரிவு தடுக்கிறது. மாநிலத்தின் சொத்துக்கும் வருமானத்துக்கும் ஒன்றிய வரியிலிருந்து 289-ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. வணிக வருமானம் போன்றவற்றுக்குத் தனி விதி உண்டு. அங்கே மார்ஷல் ஒரு பக்கத்துக்குக் கொடுத்த காப்பு, இங்கே இரு பக்கத்துக்கும் எழுத்திலேயே கிடைத்திருக்கிறது. நன்றி, வணக்கம்.