வெள்ளிக்கிழமைக்கு எழுதப்படும் கதைகள்

அவைக்கு வணக்கம். அந்தக் காலத்து ஜனங்களுக்கு ரசனை இருந்தது, இப்போது அடிதடியும் குத்துப்பாட்டும் போதும் என்றாகிவிட்டது என்று எனக்கு முன்னால் பேசிய ஐயா வருத்தப்பட்டார். நன்றாகக் கைதட்டினீர்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

படங்கள் மட்டமாகிவிட்டன, சரி. நாயகன் காரிலிருந்து இறங்குவதையே நாலு கோணத்தில் காட்டுகிறார்கள். கதை எப்போது வரும் என்று கேட்டால் இரண்டாம் பாகத்தில் வருமாம். ஆனால் பழியை ஜனங்கள் தலையில் போடுவதற்கு முன்னால் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டுவோம்.

1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தார். சிவாஜி நாயகன், ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. இன்றைக்குத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். அன்றைக்கு ஓடவில்லை. கைவிட்டது ஐயா சொன்ன அதே ரசிகர்கள்தான்!

அப்புறம் 1978, ‘முள்ளும் மலரும்’. ரஜினி நடித்திருந்தும் முதல் சில வாரம் கூட்டமில்லை. இயக்குநர் மகேந்திரன் வசனத்தைச் சுருக்கிவிட்டாரே என்று தயாரிப்பாளருக்கே கவலை. பார்த்தவர்கள் பக்கத்து வீட்டில் சொல்ல, அவர்கள் போய்ப் பார்க்க, படம் நூறு நாளைத் தாண்டியது.

அந்தச் சில வாரம் இருந்ததே, அதைத்தான் இப்போது காணோம். அன்று படச்சுருளில் பிரிண்ட் போடச் செலவு அதிகம். பெரிய ஊர்களில் ஓடி முடித்த பிரிண்ட்தான் டூரிங் டாக்கீஸுக்கு வரும். படம் வருவதற்குள் அதைப் பற்றிய பேச்சு ஊருக்கு வந்துவிடும். டிஜிட்டல் வந்த பிறகு, ஒரே வெள்ளிக்கிழமை நூற்றுக்கணக்கான திரைகளில் போட்டு, ஞாயிறு இரவுக்குள் முடிந்த மட்டும் அள்ளிவிடுகிறார்கள். அந்த மூன்று நாளில் முண்டியடித்து வருவது யார்? பெரும்பாலும் இளவட்ட ரசிகர்கள். அம்மாவும் அத்தையும் கிளம்ப இரண்டாவது வாரம் ஆகும். அதற்குள் படம் தூக்கப்பட்டிருக்கும். நாலு வாரத்தில் செல்போனிலேயே வந்துவிடும் என்று அவர்களும் உட்கார்ந்துவிடுகிறார்கள். வராத அத்தைக்காக யார் கதை எழுதுவார்?

2024இல் ‘மெய்யழகன்’ படத்துக்கு நடந்ததைப் பாருங்கள். இரண்டு பேர் விடிய விடியப் பேசிக்கொள்கிற படம். நீளம் என்று முதல் சில நாளில் முணுமுணுப்பு வந்ததும் ஏறக்குறைய 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். வீட்டில் நிதானமாகப் பார்த்தவர்கள் பிறகு உருகி உருகி எழுதினார்கள். ஆனால் ‘மெய்யழகன்’ வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னால் வந்த ‘லப்பர் பந்து’, பெரிய நட்சத்திரம் இல்லாமல், வாய்வழிப் பேச்சிலேயே வாரக்கணக்கில் ஓடியது. அதை ஓடவைத்ததும் ரசனை கெட்டவர்கள் என்று நாம் திட்டுகிற இதே ஜனங்கள்தான்.

ஐயாவுக்குக் கைதட்டியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடைசியாகக் கொட்டகைக்குப் போய், டிக்கெட் எடுத்து நீங்கள் பார்த்த படம் எது? கை தூக்க வேண்டாம், தலைவரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். நன்றி, வணக்கம்.